சுவருக்கு வயிறு நிரப்பியவன்

எங்கள் வீட்டில் நான் ஒரு முடிவெடுத்தேன். நானேதான் எடுத்தேன். என் மனைவி பக்கத்தில் நின்று, "சரிங்க" என்றுகூடச் சொன்னாள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

நான் கொத்தனார். நாலு ஆள் வைத்துச் சின்னச் சின்னதாய்க் கட்டிக் கொடுக்கிறவன். ஆறு மாதமாகக் கையில் நல்ல வேலை இல்லை. அந்த நேரத்தில் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு வகுப்பறை கட்டும் வேலை வந்தது. ஆனால், கார்பன் புகை குறைவாகக் கட்டும் பயிற்சியில் தேறியவர்களுக்குத்தான் கொடுப்பார்களாம். பத்து நாள் வகுப்பு. கடைசி நாள் மட்டும் ஆட்களோடு போய் ஒரு மாதிரிச் சுவர் கட்டிக் காட்ட வேண்டும். இதுவும் போனால் என் நாலு பேரும் வேறு ஆளிடம் போய்விடுவார்கள்.

இருபத்தைந்து வருஷம் சுவர் எழுப்பியவன் போய் பெஞ்சில் உட்காருவதா? வகுப்புக்கு ஒருவர் வந்தால் போதும் என்றார்கள். மனைவியை அனுப்ப முடிவு செய்தேன்.

"நான் போய் என்னங்க பண்ணப் போறேன்?"

"ஒண்ணும் பண்ண வேணாம். உட்காரு. கையெழுத்துப் போடு. சொல்றதைக் கேட்டுட்டு வா."

"சொல்றதைக் கேக்கணுமா? புதுப் பழக்கமா இருக்கே. சரிங்க, முயற்சி பண்றேன்."

முதல் நாள் மாலை வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்துச் சுவரைத் தடவிப் பார்த்தாள்.

"இதுல எவ்வளவு புகை இருக்கு, தெரியுமா?"

"சுவத்துல ஏது புகை? இது என்ன அடுப்பா?"

"செங்கல் சூளையில வெந்து வருது. சிமெண்ட் அதைவிட அதிகமா வெந்து வருது. அந்த ரெண்டு புகையும் இந்தச் சுவரைத்தான் சேரும்."

"யாரோ வேக வச்சதுக்கு நான் என்ன பண்ணுவேன்?"

"வாங்க ஆள் இருக்கிறதாலதானே வேக வைக்கிறாங்க."

இத்தனை வருஷம் நான் வீடு கட்டினேனா, புகை மூட்டினேனா? எனக்கே விளங்கவில்லை.

ஐந்தாம் நாள், சாப்பாட்டு மேசையில் சோப்புக் கட்டிகளை அடுக்கினாள்.

"செங்கலைப் படுக்க வைக்கக் கூடாது. இப்படி விளிம்புல நிறுத்தணும். நடுவுல காலி விடணும். எலிப்பொறிக் கட்டுன்னு பேரு."

"காலியில என்ன போடணும்?"

"ஒண்ணும் போடக் கூடாது."

"கொஞ்சமா கலவை?"

"ஒண்ணும்னா ஒண்ணும் இல்லை. கல்லும் மிச்சம், சிமெண்டும் மிச்சம். சூடும் உள்ளே வராது."

"உள்ளே ஒண்ணுமே இல்லாம எப்படி நிக்கும்?"

அவள் என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தாள்.

"நிக்கும். பார்த்திருக்கேன்."

பத்தாம் நாள் பயிற்சிக் கூடத்து முற்றத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டாள். "இங்க நீங்க கட்டுங்க. இடுப்பு உயரம் போதும். உள்ளே கலவை போடாதீங்க." சொல்லிவிட்டு என் ஆட்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு தார்ப்பாய் மறைவுக்குப் போனாள். அங்கே என்ன வேலை என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

முதல் வரிசை வைத்தேன். நடுவில் இருட்டாக ஒரு பள்ளம். அடுத்த கல். அடுத்த பள்ளம். இந்தக் கைக்குத் தெரிந்த ஒரே ஒழுக்கம், இடுக்கு விடாதே என்பதுதான். விருந்துக்கு வந்தவன் முன்னால் வெறும் தட்டை வைத்ததுபோல் மனசு கூசியது. சுற்றிலும் பார்த்தேன். யாருமில்லை. ஒரு கரண்டி கலவை போட்டேன். பக்கத்துப் பள்ளம் என்னையே பார்த்தது. ஒரு பிள்ளைக்கு ஊட்டிவிட்டு இன்னொன்றைப் பட்டினி போடலாமா? அதற்கும் போட்டேன். அப்புறம் எல்லோருக்கும் பந்தி. மேல் வரிசையைப் படுக்க வைத்து மூடியும் விட்டேன்.

வகுப்பெடுக்கும் இளம் பெண் பொறியாளர் வந்தார். விரலால் சுவரைத் தட்டினார். மேலே ஒரு கல்லைப் பெயர்த்து எட்டிப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"உள்ளே நிரப்பினது யாரு?"

பள்ளிக்கூடம் போயிற்று, நாலு ஆளும் போனார்கள் என்று நினைத்தேன்.

"நான்தாம்மா கட்டச் சொன்னேன்," என்று மனைவி வந்து தார்ப்பாயை விலக்கினாள். அங்கே இன்னொரு சுவர். அதே நீளம், அதே உயரம், என் ஆட்களின் கைவேலை. மேலே மூடாமல் விட்டிருந்தார்கள். உள்ளே சுத்தமாகக் காலி.

"அது நாங்க கத்துக்கிட்டது. இது பழகிப்போன கை கட்டறது. ரெண்டையும் சேர்த்து வச்சாத்தானே வித்தியாசம் தெரியும்? அதுக்கு ஒண்ணரைச் சட்டி கலவை. இதுக்கு மூணு."

"பிரமாதம்க்கா," என்றார் பொறியாளர். "கொத்தனாருங்க எங்க தப்புப் பண்ணுவாங்கன்னு பத்து நாளா நான் வாயாலதான் சொன்னேன். நீங்க கட்டியே காட்டிட்டீங்க."

தேறியாயிற்று. வேலையும் எங்களுக்கே. தேறியது நானா, என் தப்பா என்றுதான் புரியவில்லை. வழியில் கேட்டேன்.

"நான் உள்ளே போடுவேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"போடாதீங்கன்னு சொன்னேனே."

"போடாம இருந்திருந்தா?"

"ரெண்டு நல்ல சுவர் இருந்திருக்கும். யாருக்கு என்ன குறைஞ்சிருக்கும்?"

யோசித்துப் பார்த்தேன். எந்தப் பக்கம் போனாலும் அவளே முன்னால் நின்றாள்.

இப்போது வகுப்பறை வேலையை அவள்தான் நடத்துகிறாள். நாலு பேரும், "அடுத்து என்னக்கா?" என்று அவளைத்தான் கேட்கிறார்கள். எனக்கும் வேலை இல்லாமல் இல்லை. பயிற்சிக் கூடத்தில் புதிய குழு சேர்ந்திருக்கிறது. தப்பான சுவர் ஒன்று கட்டிக் காட்ட என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். தனியாக எதுவும் கற்றுக்கொண்டு வர வேண்டாமாம். வழக்கம்போல் கட்டினால் போதுமாம்.