தும்மல் போட்ட பெட்டைக்கோழி

அன்புத் தங்கை நெல்டாவுக்கு,

அக்கா ஆர்ஃபா எழுதுவது. இங்கே நானும் நாயும் என் வலது முட்டியும் சுகம். இடது முட்டியைப் பற்றிக் கேட்காதே. கான்சாஸ் சிட்டியில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாக இருக்க ஆண்டவரை வேண்டிக்கொள்கிறேன். நின்றுகொண்டு படிக்கிறாய் என்றால் உட்கார்ந்துகொள். நான் வெர்லினோடு பேசிவிட்டேன்.

ஆமாம், நம் தம்பி வெர்லினோடுதான், இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு. உனக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்காது: 2002 ஏப்ரல் 23, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது நாற்பது. மூன்று மணி நேரம் பெட்டைக்கோழிக் குரலில் கெஞ்சிக் கூப்பிட்டு, நான் நாற்பது கெஜத்துக்குக் கொண்டுவந்த வான்கோழிச் சேவலை, வேலிக்கு அந்தப் பக்கம் ஒளிந்திருந்த வெர்லின் சுட்டான். சுட்டதோடு விட்டானா, ஒரு தொடைக்கறிகூட எனக்குக் கொடுத்தனுப்பவில்லை. அன்று மூடிய வாய். அது போதாதென்று அப்பாவின் கூப்பிடும் பெட்டியும் அவனிடமே மாட்டிக்கொண்டது. தேவதாரு மரத்தில் அப்பா செதுக்கியது. மூடியில் சாக்கட்டி தடவி இழுத்தால் பெட்டைக்கோழியே தோற்றுப்போகும். "யாரு நல்லா கூப்புடுறாங்களோ அவங்களுக்கு" என்று சொல்லிவிட்டு அப்பா கண்ணை மூடிவிட்டார். யார் என்று சொல்ல அவருக்கு இன்னும் ஒரு நிமிஷம் கிடைத்திருக்கக் கூடாதா? இந்த வருஷம் பாஸ்டர் கிளீட்டஸ் எங்கள் சண்டையைப் பார்த்துச் சலித்து ஒரு தீர்ப்புச் சொன்னார்: வேட்டை சீசன் முடிவதற்குள் டீக்கனை யார் சுடுகிறார்களோ பெட்டி அவர்களுக்கு; யாரும் சுடாவிட்டால் வெர்லினிடமே இருக்கட்டும்.

டீக்கன் என்றால் நம் தேவாலயத்து டீக்கன் இல்லை, பயப்படாதே. மேட்டுக்காட்டில் இருக்கும் கிழட்டுச் சேவல். கறுப்புக் கோட்டும், மார்பில் தொங்கும் தாடியும், காணிக்கைத் தட்டு ஏந்தி வருவது போன்ற நடையும் பார்த்து ஊரே வைத்த பேர். நாலு வசந்தமாக என்னை ஏய்த்தவன். வான்கோழிக்கு மூளை கொட்டைப் பாக்கு அளவு என்று உன் வீட்டுக்காரர் ஒரு முறை சாப்பாட்டு மேசையில் சிரித்தார், அதுவும் எனக்கு நினைவிருக்கிறது. நூறு கெஜத்துக்கு அப்பால் நீ இமைத்தால் அவனுக்குத் தெரியும். மோப்பமும் இருந்திருந்தால் இந்த மாவட்டத்தில் ஒருவரும் ஒரு சேவலைக்கூட ருசி பார்த்திருக்க முடியாது. வான்கோழிகளின் வழக்கப்படி பெட்டைதான் சேவலைத் தேடிப் போக வேண்டும். நாமோ சேவலை வா வா என்கிறோம். அதனால் டீக்கன் அறுபது கெஜத்தில் நின்று, 'குடும்பப் பெண்ணாக இருந்தால் நீ வா' என்று மார்பை விரித்துக் காத்திருப்பான். வரவில்லை என்றால், இது கோழி இல்லை, ஆர்ஃபா என்று புரிந்துகொண்டு போய்விடுவான்.

சீசனின் கடைசி நாள். விடியும் முன்பே ஓக் மரத்தில் முதுகைச் சாய்த்து, முகத்தை வலையால் மூடி உட்கார்ந்தேன். டீக்கன் மரக்கிளையிலிருந்தே கத்தினான். நான் கோழிக்குரல் எழுப்பும் என் கல்பலகையில் குச்சியை மெல்ல இழுத்துத் தூக்கக் கலக்கத்தில் முனகுவது போல ஒரு சத்தம் கொடுத்தேன். அவன் பதில் சொன்னான், கீழே இறங்கினான், வந்தான்... அப்போது புதர் மேட்டிலிருந்து இன்னொரு பெட்டை கூப்பிட்டாள் பார், நெல்டா! என்ன குரல், என்ன குழைவு! டீக்கன் பாதி வழியில் நின்றுவிட்டான். எனக்கு வயிறு எரிந்தது. போட்டிக்கு வந்த பெட்டையை விரட்டக் கூடாது, அவள் பேசுவதையே அவளுக்கு முன்னால் பேசி வம்புக்கு இழுக்க வேண்டும், கோபத்தில் வருவாள், பின்னாலேயே சேவலும் வரும், இது அப்பா சொன்னது. அவள் ஐந்து சொன்னால் நான் ஆறு சொன்னேன். நான் வைதால் வாக்கியத்தை முடிக்க விடாமல் குறுக்கே வைதாள். இரண்டு மணி நேரம்! இப்படி ஒரு வாயாடியை நம் அத்தை வீட்டில்கூடப் பார்த்ததில்லை. டீக்கன் மூச்சுக் காட்டவில்லை. கை மரத்துப்போய், இடது முட்டி செத்துப்போய், இன்னும் ஒரு அடி வாடி என்று காத்திருக்கும்போது, அந்தப் பெட்டை தும்மினாள்.

எழுபத்தாறு வயதில் ஒரு கோழி தும்மி நான் கேட்டதில்லை. அதைவிடப் பெரிய அதிர்ச்சி, என் வாய் என்னைக் கேட்காமலே சத்தமாக, "ஆண்டவர் ஆசீர்வதிக்கட்டும்!" என்றது. நம் அம்மா வளர்த்த வளர்ப்பு. பிசாசு தும்மினாலும் சொல்லிவிடுவோம் போலிருக்கிறது.

புதரிலிருந்து, "நன்றிக்கா" என்று பதில் வந்தது.

அந்த நொடியில் எனக்குப் பின்னால் 'டக்' என்றது. திரும்பினால், பதினைந்து கெஜத்தில் டீக்கன்! கழுத்தை நீட்டி என்னை ஒரு பார்வை, புதரை ஒரு பார்வை. துப்பாக்கியைத் திருப்புவதற்குள் மேட்டைத் தாண்டிவிட்டான். என் காப்பிக் குடுவையின் பக்கத்தில் கொக்கி போல வளைந்த எச்சம் கிடந்தது. பெட்டை போட்டால் சுருண்டிருக்கும். இது சேவலுடையது, சூடு ஆறாதது. நெல்டா, அவன் வெகுநேரமாக அங்கேதான் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான்!

வெர்லின் இலைதழையோடு எழுந்து வந்தான்.

"ஏன்டா, நீதானா அந்தக் கோழி?" என்றேன். வாயைத்தான் திறந்தாகிவிட்டதே, இனி எதற்கு மூடுவது?

தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "எந்தக் கோ... ஆமாக்கா. நான்தான்."

"பாவிப்பயலே, சும்மா சொல்லக் கூடாது, அப்பாவே வந்து கூப்புட்ட மாதிரி இருந்துச்சுடா."

அவன் கண் கலங்கிவிட்டது. "உன்னோடதும் சூப்பரு. நெசக் கோழின்னே நெனச்சேன்."

"தும்மிக் கெடுத்துட்டியேடா, தடியா!"

"நீ மட்டும் என்ன, காட்டுக்கு நடுவுல ஜெபக்கூட்டமா நடத்துற?"

ஒரு மணிக்கு சீசன் முடிந்தது, பறவை யாருக்கும் இல்லை. தீர்ப்புப்படி பெட்டி அவனுக்கு. ஆனால் வெர்லின் மாலையில் வந்து, "ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் ஏமாத்திட்டோம், சரிக்குச் சரி" என்று சொல்லி, பெட்டியின் மூடியைக் கழற்றி என் கையில் வைத்தான். அடிப்பெட்டி அவனிடம். ஒன்றில்லாமல் மற்றது விறகு. இனிச் சேர்ந்துதான் போக வேண்டும். மாவு பிசைந்து சுடச்சுட பிஸ்கட் சுட்டு, மேலே குழம்பு ஊற்றிக் கொடுத்தேன், நாலு தின்றான். மன்னித்துவிட்டேன், நெல்டா. 2002ஐ மன்னித்துவிட்டேன். உன் கண்ணீரும் ஜெபமும் வீண்போகவில்லை.

மாப்பிள்ளைக்கு என் அன்பு, அந்தப் பாக்குப் பேச்சையும் மீறி. பிள்ளைகள் நீண்ட ஆயுளோடு, நேரான முட்டிகளோடு இருக்கட்டும்.

உன் அக்கா,
ஆர்ஃபா

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் வெர்லின் வந்தான், மனசாட்சி குத்துகிறதாம். அன்று அவன் ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை! ஆறரைக்கே தூங்கிவிட்டான், தூக்கத்தில் அவன் போட்ட அந்தத் தும்மல்தான் அவனையே எழுப்பியது. எழுந்தபோது டீக்கன் பின்னால் ஒரு பழுப்புப் பெட்டை ஓடுவதைப் பார்த்தானாம். "பின்ன ஏன்டா நான்தான்னு சொன்ன?" என்றால், "இருபத்திரெண்டு வருசத்துல மொத தடவையா என்னப் புகழுற, எப்பிடிக்கா இல்லங்குறது?" என்கிறான். ஆக, நான் இரண்டு மணி நேரம் சண்டை போட்டது நிஜமான கோழியோடு, அவளிடம்தான் தோற்றேன், அது அவமானம் இல்லை. ஆனால் என் கூப்பிடுதலைக் கேட்காமலே தூங்கிவிட்டு 'சூப்பரு' என்றானே, அதை எப்படிப் பொறுப்பது? மேலே எழுதிய மன்னிப்பையெல்லாம் அடித்துவிட்டுப் படி. மூடியைத் திருப்பித் தர மாட்டேன். அவனோடு இனி ஒரு வார்த்தை கிடையாது, அக்டோபர் வரைக்கும். அக்டோபரில் இலையுதிர்கால வேட்டை திறக்கிறது.