ஏகாதசிக்குப் பதினைந்தாம் நாள்

மிகுந்த கவனத்தோடு நான் செய்த காரியங்களே என்னை மிகுந்த அவமானத்துக்கு உள்ளாக்கியிருக்கின்றன. அவற்றுள் தலையாயது, திருவரங்கத் தீவுக்கு வர ஏற்ற காலம் எது என்று என் மேலதிகாரிக்கு எழுதிக் கொடுத்த நான்கு பக்கக் கட்டுரை.

ஐம்பதுகளின் இறுதி. திருச்சியில் ஓர் அலுவலகத்தில் என் தகுதிகாண் பருவம் முடியும் தறுவாய். வேலை நிலைக்க அவருடைய கையெழுத்து வேண்டும். வடநாட்டவர், சென்னையில் பல்லாண்டு இருந்தமையால் தமிழ் பேசுவார்.

“உங்க தீவுக்கு எப்போ வந்தா நல்லாயிருக்கும்?” என்று ஒருநாள் கேட்டார். (புவியியலில் முதல் வகுப்பு வாங்கியவன் ஒரே வரியில் விடை சொல்வானா?)

சித்திரையில் மணல் சுடும், ஆடிக்காற்று மேல்துண்டைப் பறிக்கும், ஐப்பசியில் அடைமழை. மார்கழி இனிது, ஆயினும் வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் மூச்சுவிட இடமிராது. ஆகவே, அதற்குப் பதினைந்தாம் நாளாகிய ஞாயிறன்று வருக. பகலுணவு எங்கள் இல்லத்தில் என்று முடித்திருந்தேன். வீட்டில் சொல்லவில்லை. அம்மாவின் அன்றாடத் தளிகையே விருந்துதானே!

அன்று வானிலை என் கட்டுரையைப் படித்துவிட்டு வந்ததுபோல் நடந்துகொண்டது. கோயிலைச் சுற்றி முடித்ததும், “காத்து பிரமாதம். பசி அதைவிடப் பிரமாதம்!” என்றார் அதிகாரி.

அவரைக் கூடத்தில் அமர்த்திவிட்டு உள்ளே போனேன். அடுப்பு மெழுகிக் கோலமிட்டுக் கிடந்தது.

“யாருடா அது?”

“எங்க ஆபீசர்ம்மா. சாப்பிட அழைச்சுண்டு வந்திருக்கேன்.”

“ஏகாதசியும் அதுவுமாவா?”

“அதுதான் அன்னிக்கே முடிஞ்சுதே!”

“ஏகாதசிக்குப் பதினஞ்சாம் நாள் என்னடா வரும், தீபாவளியா? இன்னிக்குச் சாதம் வடிச்சா உங்கப்பா ஆத்தை விட்டே போயிடுவார்!”

தெருவில் எந்த வீட்டிலும் இதே அடுப்பு, இதே கோலம். அதற்குள் அப்பா துளசி தீர்த்தமும் இரண்டு வாழைப்பழங்களும் கொடுத்து உபசரித்திருந்தார். அதிகாரி அவற்றை முன்னுரை என்று கருதி உண்டு, கைகழுவி, சம்மணமிட்டு இலைக்குக் காத்திருந்தார்.

முடிவுரையும் அதுவே என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

“நாலு பக்கம் எழுதினீங்களே, இதையும் ஒரு வரி எழுதியிருக்கலாமே!” என்று எழுந்தார்.

ஒரு மாதம் எனக்கு உறக்கமில்லை. பின்னர்க் கோப்பு வந்தது. கையெழுத்து இருந்தது, அதன்மேல் ஒரு குறிப்பும்: “வேலையை உறுதி செய்யலாம். தட்பவெப்ப அறிவு மிக நன்று. விருந்தினரை அழைக்கும் பொறுப்பு மட்டும் இவரிடம் தர வேண்டாம்.”

இன்றும் என் உறவினர் எவரும் எங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன் உள்நோக்கிக் கேட்பது இதுதான்: “காத்து நன்னாயிருக்கு, அடுப்பு எரியறதா?”