மூன்று பல்பும் என் கால்சட்டைப் பையும்

டிப்ளமாவில் முதல் வகுப்பில் தேறியவன் என்பதை யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டு திரிந்த காலம் எனக்கு ஒன்று உண்டு. (ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் கண்டக்டரிடம்கூடச் சொன்னேன். அவர் சில்லறை கேட்டார்.) எண்பதுகளின் கடைசியில், அந்தத் திமிரோடுதான் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் எலக்ட்ரிகல் சூப்பர்வைசராகச் சேர்ந்தேன்.

மில்லின் பழைய பகுதியில் ஓடியது எர்த்தோடு இணைக்காத கரண்ட். ஒரு வயர் தோல் உரிந்து மெஷின் உடம்பைத் தொட்டாலும் ஃபியூஸ் போகாது. எல்லாம் அதுபாட்டுக்கு ஓடும். தொட்டதைக் காட்டிக்கொடுக்கப் போர்டில் மூன்று பல்புகள் இருந்தன. மூன்றும் ஒன்றுபோல் எரிந்தால் நலம். ஒன்று மங்கினால் அந்த லைனில் கோளாறு. இதைப் பரீட்சையில் படம் போட்டு எழுதி முழு மார்க் வாங்கியவன் நான்.

ஒரு நாள் காலை நடு பல்பு மங்கியது. நான் என்ன செய்தேன்? பல்பை மாற்றினேன். புதுசும் மங்கியது. பல்பு செய்தவனைத் திட்டிக்கொண்டே இன்னொன்றை மாட்டினேன்.

அந்த நேரம் பார்த்து, நூலைச் சிட்டமாகச் சுற்றும் ரீலிங் பகுதியில் வேலை செய்த சரோஜாக்கா வந்து, மெஷினைத் தொட்டால் சுர்ரென்கிறது என்றார். செருப்புப் போட்டுக்கொண்டு வேலை பாருங்கள் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மெஷினக் கையாலதான சார் தொடுதேன்?"

அதற்குள் மேனேஜர் வருகிறார் என்றார்கள். மங்கிய பல்பைப் பார்த்துக் கேள்வி கேட்டுவிடுவாரே! மூன்றையும் கழற்றிக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். (மூன்றுமே இல்லாவிட்டால் எது மங்கல் என்று எவன் கண்டுபிடிப்பான்? முதல் வகுப்பு மூளை.)

மேனேஜர் வந்தபோது சரோஜாக்கா மெஷினை விட்டு நாலடி தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். போய் வேலையைப் பார் என்று மேனேஜர் அதட்டியும் அசையவில்லை. அப்போதுதான் கோடியில் இருந்த மோட்டாரில் இன்னொரு லைனும் இரும்பைத் தொட்டது. இரண்டு கோளாறும் சேர்ந்துகொள்ள, டமார் என்று சத்தம். சரோஜாக்கா வழக்கமாகக் கை வைக்கும் இடத்துக்குக் கீழே, அவர் மெஷினின் மோட்டாரிலிருந்தும் புகை கிளம்பியது. மில் நின்றது.

மேனேஜர் போர்டைப் பார்த்தார். "பல்பு எங்கப்பா?"

நான் பையைத் துழாவினேன். ஒன்று உடைந்திருந்தது.

கோடி மோட்டாரைத் துண்டித்துக் கரண்டைத் திரும்பக் கொடுத்தேன். உடைந்ததற்குப் பதில் புதுசு ஒன்றைச் சேர்த்துப் பல்புகளை மாட்டினேன். நடு பல்பு அப்போதும் மங்கல்தான். மெஷின்களின் சுவிட்சை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வந்தோம். சரோஜாக்காவின் மெஷின் சுவிட்சை அணைத்ததும் நடு பல்பு பளிச்சென்று எரிந்தது. காலையிலேயே செய்திருந்தால் கால் மணி நேர வேலை.

"நீங்க சொன்னதக் கேட்டு அங்ஙன நின்னுருந்தா, எம்பிள்ளைகளுக்கு யாரு சார் சோறு பொங்குவா?" என்றார் சரோஜாக்கா, குரலை உயர்த்தாமல்.

வேலை எப்படியோ தப்பியது, மானம் தப்பவில்லை. என் கல்யாணத்துக்குப் பால்கோவாவோடு வந்த சரோஜாக்கா, மேடையேறிப் புதுப்பெண்ணிடம் பல்பு கதையை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டுத்தான் இறங்கினார். அன்றிலிருந்து அது எங்கள் வீட்டுக் கதை.

போன மாதம், நான் பீரோவுக்கு அடியில் தள்ளிவைத்திருந்த என் சர்க்கரை டெஸ்ட் ரிப்போர்ட் மகள் கையில் சிக்கியது. சண்டை போடுவாள் என்று பார்த்தேன். போடவில்லை.

"என்னப்பா, பல்பக் கழட்டிப் பைக்குள்ள போட்டாச்சா?" என்றாள்.

கையிலிருந்த பால்கோவாவைக் கீழே வைத்தேன்.