ஒரு திருகாணி பாக்கி

ஐந்தருவிச் சாலையில், அதே வளைவில், மூன்றாவது தடவையாகக் கார் நின்றுவிட்டது. தில்லைநாயகம் இறங்கி என்ஜினைப் பார்க்கவில்லை. யாராவது தன்னைப் பார்க்கிறார்களா என்றுதான் சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், பக்கத்து வீட்டு நாச்சியார். அருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்துகொண்டிருந்தாள். தென்காசியில் எது நடந்தாலும் நாச்சியாருக்குத் தெரிந்துவிடும். நடக்காவிட்டாலும் தெரிந்துவிடும்.

"என்ன அண்ணாச்சி, இங்கனயே நிக்குது?"

"வண்டி சூடாயிட்டும்மா. சித்த நேரம் ஆறட்டும்னு நிறுத்தியிருக்கேன்."

"இந்தச் சாரல்லயா சூடாயிட்டு?"

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. டிக்... டிக்... டிக். இடது இருக்கைக்கு நேர் எதிரே, காரின் முன்பலகைக்குப் பின்னாலிருந்து. என்ஜின் செத்துக் கிடந்தது. சத்தம் மட்டும் உயிரோடு இருந்தது, பொறுமை இழந்த யாரோ மோதிர விரலால் தட்டுவது போல.

நாச்சியார் ஈரத்துணி மூட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"மோதிரம்லா அண்ணாச்சி அது!"

அவள் எந்த பஸ்ஸைப் பிடித்தாளோ தெரியாது. தில்லைநாயகம் காரைக் கிளப்பி வீடு போய்ச் சேர்வதற்குள் மோதிரச் சத்தம் தென்காசியை இரண்டு சுற்றுச் சுற்றி வந்துவிட்டது.

அந்தச் சிவப்புக் கார் சீமையிலிருந்து கப்பலில் வந்தது. நீள மூக்கு, இரண்டே இருக்கை, தலைக்கு மேலே ஆகாயம். மலை எஸ்டேட் துரை ஒருவர் வைத்திருந்தார். போன ஐப்பசியில் அவர் மனைவி, துரைச்சாணி, காய்ச்சலில் போய்ச் சேர்ந்ததும், துரை காரைக் கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டுக் கப்பலேறிவிட்டார். துரைச்சாணி எப்போதும் இடது இருக்கையில்தான் உட்காருவாளாம். துரை வேகம் எடுத்தால் மோதிரத்தால் முன்பலகையைத் தட்டுவாளாம். ஊரில் ஒருத்தர்கூட அந்தக் காரில் ஏறியது கிடையாது. ஆனாலும் இது எல்லாருக்கும் தெரியும்.

மரக்கடை தில்லைநாயகத்துக்கு அந்தக் கார் எதற்கு? மகள் கல்யாணத்துக்கு. மாப்பிள்ளையைத் திறந்த காரில் உட்காரவைத்து ஊருக்குள் அழைத்துவர வேண்டும் என்று ஆசை. ஆசைப்பட்டதோடு நிற்காமல் பத்திரிகையிலேயே 'திறந்த மோட்டார் காரில் மாப்பிள்ளை அழைப்பு' என்று அச்சடித்துவிட்டார். சம்பந்தி ஆறுமுகநயினார் அச்சன்புதூர்க்காரர். பூனை குறுக்கே போனால் வயலுக்கே போகமாட்டார். மோதிரக் கதை காதில் விழுந்த மறுநாளே ஆள்விட்டுச் சொல்லிவிட்டார்: "வண்டியில வாரதுக்கு நாங்க தயார். எம்மவன் ஏறின பொறவு அது நடுவழியில ஒரு தடவ நின்னாலும் போதும், அப்படியே எறங்கி அச்சன்புதூருக்குத் திரும்பிருவோம்."

கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

"வேற கார் பாருங்களேன்" என்றாள் மனைவி வடிவாம்பாள்.

"பாத்தா, பேய்க்குப் பயந்துட்டான் தில்லைநாயகம்னு ஊரு சொல்லாதா? போடி!"

செங்கோட்டை ரோட்டில் லாரிப் பட்டறை வைத்திருந்த கிதிர் முகம்மதுவைக் கூப்பிட்டார். கிதிர் புனலூரில் எட்டு வருஷம் துரைமார் வண்டிகளுக்கு அடியில் படுத்துக் கிடந்த ஆள். என்ஜின் மூடியைத் திறந்தார். காப்பி டம்ளர் பருமனில், என்ஜினுக்குப் பக்கத்துச் சுவரில் பூட்டியிருந்த ஒன்றைக் காட்டினார்.

"இதான் அண்ணாச்சி உங்க துரைச்சாணி. பெட்ரோல் பம்பு. கரண்டுல ஓடுது. பின்னால டாங்கியில இருந்து பெட்ரோல இழுத்து முன்னால தள்ளுது. தள்ளுற ஒவ்வொரு தடவையும் டிக்குனு சொல்லும்."

"பொறவு ஏன்வே அங்கனயே நிக்குது?"

"ஏத்தத்துல என்ஜின் கொதிக்கி. பக்கத்துல இருக்க பம்பும் கொதிக்கி. உள்ள பெட்ரோல் ஆவியாப் போவுது. பம்பு காத்தத் தட்டிக்கிட்டுக் கெடக்கு. இத இங்கன வச்சதே தப்பு. டாங்கிக்குப் பக்கத்துல, தாழ, குளுமையா வைக்கணும். இதுக்குத் தள்ளத்தான் தெம்பு, இழுக்கத் தெம்பு பத்தாது."

தில்லைநாயகம் அன்று இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டார்.

இரண்டே நாளில் கிதிர் பம்பைக் கழற்றி, குழாயை நீட்டி, பின்பக்கம் டாங்கியோரமாக இரும்புச் சட்டத்தில் பூட்டிவிட்டார். ஐந்தருவி ஏற்றத்தில் கார் பாட்டுப் பாடிக்கொண்டு ஏறியது. கல்யாணத்துக்கு ஓட்டுவதற்கென்று பேசியிருந்த டிரைவர் தங்கசாமிதான் ஓட்டினார். திரும்பும் வழியில், நல்ல ரோட்டில், ஓடிக்கொண்டிருந்த காரை ஓரமாக நிறுத்தி, சாவியைத் தில்லைநாயகம் கையில் கொடுத்தார்.

"என்னவே?"

"அண்ணாச்சி, லாரின்னாச் சொல்லுங்க, மதுர வரைக்கும் ஓட்டுதேன். இதுல முதுகக் காட்டிக்கிட்டு என்னால உக்கார முடியாது."

"பம்புவே அது! எடம் மாத்தியிருக்கு!"

"அதத்தான் நானும் சொல்லுதேன். முன்னால தட்டினவ இப்பம் பிடரிக்குப் பின்னால வந்து தட்டுதா."

சொல்லிவிட்டு நடந்தே போய்விட்டார்.

அதற்கு மறுநாள் சிற்றாற்றுப் பக்கம் தேங்கியிருந்த மழைத் தண்ணீரில் கார் இறங்கியது. சக்கரம் வாரியடித்த தண்ணீர் முழுக்கப் பின்னால் தாழ இருந்த பம்பின் தலையில். நடுத் தண்ணீரில் கார் நின்றது. தில்லைநாயகம் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு தள்ள, கரையில் துவைத்துக்கொண்டிருந்தவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அவரையல்ல, காரை.

"மொதல்ல ஏத்தத்துல நின்னுது. இப்பம் எறக்கத்துலயும் நிக்குது" என்றாள் வடிவாம்பாள். "அவ எடத்த நீங்க கொத்திப் புடுங்கினா, அவளுக்குக் கோவம் வராதா?"

"எவ எடத்தட்டி? பம்புக்கு ஏதுட்டி கோவம்?"

அந்த அதட்டலில் அவர் குரல் ஒரு இடத்தில் லேசாக உடைந்தது. அதைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து நாச்சியார் குறித்துக்கொண்டாள்.

புதன்கிழமை கிதிர் மறுபடி வந்தார். பம்பை மழைபடாமல் உள்ளே, இடது இருக்கைக்குக் கீழே வைத்துவிடுவது என்று முடிவானது. தில்லைநாயகம் கூடவே ஒரு நிபந்தனை போட்டார்: சத்தம் மாப்பிள்ளை காதில் விழக்கூடாது.

"அப்பம் சைக்கிள் டியூப வெட்டி அடியில மெத்த மாதிரி வைப்போம். பூட்டுறதுக்கு ஒரு இரும்புப் பட்ட வேணும்."

"இரும்பா? மரக்கடைக்காரன் வண்டியில இரும்பா? பர்மாத் தேக்கு தாரேன்வே! நூறு வருசம் கெடக்கும்."

"தேக்குல கரண்டு ஓடாதே அண்ணாச்சி. பம்புக்கு வார கரண்டு திரும்பிப் போக இரும்பு வேணும்லா? அதுக்குன்னு தனியா ஒரு ஒயர இழுத்துச் சட்டத்துல முறுக்கணும்."

"முறுக்கும்!"

வியாழக்கிழமை வேலை நடந்தது. அன்று சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு, மறுநாள் கல்யாணம். கிதிர் தேக்குப் பலகையைச் செதுக்கி, டியூபை ஒட்டி, பம்பைப் பூட்டி நிமிர்ந்தபோது மணி ஒன்று இருபது. தில்லைநாயகம் கடிகாரத்தைப் பார்த்தார். ஊர் மேடைகளில் பகுத்தறிவு பேசுகிறவர்தான். வியாழக்கிழமை ஒன்றரைக்கு ராகு காலம் என்பது அதில் சேராது.

"போதும், எடும்வே கைய! ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துருவோம்."

"ஒரு திருகாணிதான் பாக்கி அண்ணாச்சி. அந்த ஒயரு..."

"ராகு காலத்துல முறுக்கின திருகாணி உருப்படுமா? மூணு மணிக்குப் பொறவு வந்து முறுக்கும். ஏறும்!"

கிதிர் இடது பக்கம் ஏறிக்கொள்ள, கார் ரத வீதிகளைச் சுற்றி வந்தது. ஒரு விக்கல் இல்லை. கீழே மெத்தைக்குள்ளிருந்து டிக் டிக் என்று ஒரு சன்னச் சத்தம், கைக்கடிகாரத்தைத் தலையணைக்கடியில் வைத்தது போல.

"சத்தம் இருக்க வரைக்கும் பெட்ரோல் போவுதுன்னு அர்த்தம். பயப்படாதீங்க" என்றார் கிதிர். மூன்று மணிக்கு அவர் வரவில்லை. புளியறைச் செக்போஸ்ட்டில் ஒரு லாரிக்கு அச்சு முறிந்து, ஆளனுப்பிக் கூட்டிப் போய்விட்டார்கள்.

மாப்பிள்ளை வீட்டார் குற்றாலத்தில் ஒரு பங்களாவில் இறங்கியிருந்தார்கள். நாலரை மணிக்குத் தில்லைநாயகம் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு வந்து பார்த்தால், காரின் இடது இருக்கையில் ஒரு வெள்ளித் தட்டு. வெற்றிலை, பாக்கு, குங்குமச் சிமிழ், ஒரு முழம் மல்லிகை.

"என்னட்டி இது?"

"வீட்டுல நல்ல காரியம்னா சுமங்கலியாப் போனவங்களுக்குப் பாக்கு வச்சு அழைக்கிறது உண்டும்லா. அவளும் தாலி... மோதிரத்தோடதான போயிருக்கா. மொறையாக் கூப்பிட்டுட்டேன். இனிமே மறிக்க மாட்டா."

சந்தில் இருந்து நாச்சியார் தலையாட்டினாள். தட்டை எடுத்தெறிய அவருக்கு வாய் வந்தது, கை வரவில்லை. "கூட யாராவது வாங்களேன்" என்று சொந்தக்காரர்களைப் பார்த்தார். எல்லாருக்கும் அந்த நேரம் பார்த்துப் பந்தலில் வேலை வந்துவிட்டது. தனியாகக் கிளம்பினார்.

சாரல் நின்று, மலை முழுக்க மூட்டம் இறங்கியிருந்தது. சாலையில் ஆள் இல்லை. டிக்... டிக்... டிக். கிதிர் சொன்னபடி அந்தச் சத்தத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். சத்தம் இருக்கிறது, பெட்ரோல் போகிறது, பயம் இல்லை. மேலகரம் தாண்டியது. நேரமாகிறதே என்று கொஞ்சம் வேகம் எடுத்தார். டிக்டிக்டிக் என்று சத்தம் விரைந்தது.

"சரிம்மா, சரிம்மா" என்றது அவர் வாய். கால் தானாக வேகத்தைக் குறைத்தது. சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று உறைத்தது. பக்கத்தில் திரும்பிப் பார்க்காமலே குற்றாலம் போய்ச் சேர்ந்தார்.

பங்களா வாசலில் தட்டை எடுத்தார். சிமிழ் இருந்தது, பாக்கு இருந்தது. மல்லிகையைக் காணோம். திறந்த கார், காற்று அடித்துப் போயிருக்கும் என்று தனக்குத்தானே சத்தமாகச் சொல்லிக்கொண்டார்.

மாப்பிள்ளை மாலையும் கழுத்துமாக வந்து இடது பக்கம் உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் லேசாக எழுந்தார்.

"சீட்டு சூடா இருக்கே மாமா."

"என்ஜின் சூடு மாப்ள. சீமைச் சரக்கு, அப்படித்தான் இருக்கும்."

கார் எங்கும் நிற்கவில்லை. பின்னால் வாடகைக் காரில் சம்பந்தி வேவு பார்த்துக்கொண்டே வந்தார். தென்காசி எல்லையில் நாதஸ்வரம் எதிர்கொண்டது. வீட்டு வாசலில் ஆறுமுகநயினார் இறங்கி, சிவப்புக் காரின் மூக்கைத் தட்டிக் கொடுத்து, "நல்ல வண்டி" என்றார். தில்லைநாயகத்துக்கு அப்போதே மகள் கழுத்தில் தாலி ஏறிவிட்டது போல் இருந்தது.

மறுநாள் தாலியும் ஏறியது. இரண்டாம் பந்தி நடக்கும்போது, கிரீஸ் கையோடு கிதிர் முகம்மது புளியறையிலிருந்து மூச்சு வாங்க ஓடிவந்தார்.

"அண்ணாச்சி, நேத்து வண்டி எங்கயாவது நின்னுதா?"

"நிக்குமா? என்னவே பதறுதீரு?"

"அந்தத் திருகாணி! ராத்திரி பூரா தூக்கமில்ல எனக்கு. வாங்க, வந்து பாருங்க."

காரைச் சுற்றிக் கூட்டம் கூடியது. கிதிர் சாவியைத் திருப்பினார். சத்தமே இல்லை. கல்யாணப் பந்தலிலிருந்து தேங்காய்க் கூடையைத் தூக்கி வந்து இடது இருக்கையில் வைத்தார். அப்போதும் இல்லை. கூடையை எடுத்துவிட்டுத் தில்லைநாயகத்தைப் பிடித்து உட்காரவைத்தார்.

டிக் டிக் டிக் டிக்.

"எந்திரிங்க."

நின்றுவிட்டது.

"பாத்தீங்களா? ஒயரு முறுக்காமத் தொங்குது. ஆளு உக்காந்தா சீட்டு ஸ்பிரிங்கு அமுங்கி, ஒயரு இரும்புல முட்டுது, பம்பு ஓடுது. எந்திரிச்சா பம்பு செத்துரும். முன்னால தேங்கியிருக்க பெட்ரோல்ல மேலகரங்கூடத் தாண்டாது. நேத்து ரவுண்டு போகயில நான் உக்காந்திருந்தேன், வரும்போது மாப்பிள்ள உக்காந்திருந்தாவ. அல்லா காப்பாத்தினான்!"

தில்லைநாயகம் வயிறு குலுங்கச் சிரித்தார். பன்னிரண்டு நாளாக அடக்கி வைத்திருந்த சிரிப்பு.

"கேட்டியாட்டி வடிவு? பேயாம், மோதிரமாம்! ஒரு ஒயருட்டி, ஒரே ஒரு ஒயரு! இதுக்கு வெத்தல பாக்கு வேற! ஊருக்கே சொல்லு நாச்சியாரு, போய்ச் சொல்லு!"

நாச்சியார் வாயில் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, அந்த இருக்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லுதேன் அண்ணாச்சி. அப்பம் நேத்து மாப்பிள்ளையக் கூப்பிடக் குத்தாலத்துக்கு நீங்க போகயில, இதுல யாரு உக்காந்திருந்தா?"