குதிரையேற்றச் சங்கமும் சாந்தலிங்கம் ஆமையும்

ஒரு காட்டில் ஒரு குதிரையேற்றச் சங்கம் இருந்தது. குதிரை ஒன்றே ஒன்றுதான். பொறுப்பாளர்கள் எத்தனை பேர் என்று மட்டும் கேட்காதீர்கள், நான் சொல்லி முடிப்பதற்குள் இன்னும் இரண்டு பேரைச் சேர்த்திருப்பார்கள்.

சங்கம் பிறந்த கதை சின்னது. காட்டோரம் கூடாரம் போட்டிருந்த ஒரு சர்க்கஸ் நொடித்துப்போய், கிளம்பும்போது கோமளம் என்ற குதிரையை அம்போவென்று விட்டுவிட்டுப் போனது. என்ன செய்வதென்று தெரியாமல் புல்வெளியில் நின்ற கோமளத்தின் மேல் கிளைமுத்து என்ற குரங்கு குதித்து ஏறி ஒரு சுற்று சுற்றி வந்தது. பார்த்த எல்லோருக்கும் ஆசை வந்துவிட்டது. நீயா நானா என்று அடிதடி ஆனது. அடிதடியை நிறுத்த வரிசை போட்டார்கள். வரிசை என்று ஒன்று வந்தால் அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே, அப்படி வந்ததுதான் சங்கம். சிங்கத்தைப் போஷகராகப் போட்டார்கள். அவருக்குக் குதிரை என்றால் ரொம்பப் பிரியம். அது எந்த மாதிரிப் பிரியம் என்று கோமளத்துக்குக் கொஞ்சம் சந்தேகம் இருந்ததால், போஷகர் சாப்பிட்டுவிட்டுத்தான் சங்க வேலையாக வரவேண்டும் என்று முதல் கூட்டத்திலேயே பேசி முடித்தார்கள்.

சங்கத்தில் யாருக்கும் சம்பளம் கிடையாது. எல்லாம் தொண்டு. லாயத்தைக் கூட்டுவது, லத்தி அள்ளிக் கொட்டுவது, புல் அறுப்பது, தண்ணீர் காட்டுவது எல்லாவற்றையும் உறுப்பினர்கள் மாறி மாறிச் செய்தார்கள். முதல் வருஷம் அமர்க்களமாகப் போனது. கரடி லத்தி அள்ளி முடித்து, ஆற்றில் முங்கி எழுந்து, தலையைச் சீவிக்கொண்டு சவாரிக்கு வரும். முயல் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு சவாரி செய்துவிட்டு, இறங்கியதும் பார்த்ததையெல்லாம் வர்ணிக்கும்.

வினை ஆண்டு விழாவில் வந்தது. நன்றாக உழைத்தவர்களை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தி, ஆளுக்கொரு பதவியும் கொடுத்தார்கள். கிளைமுத்து தலைவர், சம்பந்தம் என்ற நரி செயலாளர். பொன்னாடை போர்த்திய தோளில் லத்திக் கூடையைச் சுமந்தால் சங்கத்துக்கே இழுக்கு என்று செயலாளர் அன்றைக்கே சொல்லிவிட்டார். (பதவிக்கு வந்தவர்களை 'அது' என்று சொன்னால் சங்கத்தில் முகம் சுளிப்பார்கள். நமக்கு எதற்கு வம்பு, 'அவர்' என்றே சொல்லிவிடுவோம்.) அடுத்த வருஷம் கரடி துணைத் தலைவரானார். அதற்கடுத்து முயல், மயில், மான் என்று வரிசையாகப் போனார்கள். காட்டுப்பன்றியார் சுகாதாரக் குழுவின் அமைப்பாளர் ஆனதிலிருந்து சேற்றுப் பக்கமே எட்டிப்பார்ப்பதில்லை.

கடைசியில் கூடை தூக்க மிஞ்சியது சாந்தலிங்கம் என்ற ஆமை மட்டும்தான். அதற்கு ஏன் பதவி கிடைக்கவில்லை என்றால், பொன்னாடை நேரில் வந்தவர்களுக்கு மட்டும்தான். போஷகருக்கு நடக்க அலுப்பு என்பதால் விழாவை அவர் குகை வாசலில் வைப்பார்கள். சாந்தலிங்கம் முந்தின நாளே கிளம்பும். போய்ச் சேரும்போது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருப்பார்கள்.

சாந்தலிங்கத்துக்குப் பதவி மேல் ஆசையில்லை. அதற்கு வேண்டியது ஒரே ஒரு சவாரி. வேகமாகப் போனால் காற்று முகத்தில் வந்து மோதும் என்று முயல் சொல்லிக் கேட்ட நாளிலிருந்து அந்த நினைப்பாகவே இருந்தது. பிறந்ததிலிருந்து காற்று அதைப் பின்னாலிருந்து வந்து தாண்டிப் போயிருக்கிறதே தவிர, ஒருநாளும் இது காற்றின் மேல் போய் மோதியதில்லை.

ஆனால் பொறுப்பாளர்கள் பக்கத்தில் நிற்காமல் யாரும் குதிரை ஏறக்கூடாது என்பது விதி. சவாரி ஞாயிற்றுக்கிழமை காலை. பொறுப்பாளர்கள் கூட்டமும் ஞாயிற்றுக்கிழமை காலை. கூட்டம் முடியும்போது வெயில் ஏறிவிடும். இப்படியே சவாரி நின்றுபோனது. அது நின்றுபோனதை யாரும் கவனிக்கக்கூட இல்லை, அவ்வளவு வேலை கூட்டத்தில்.

"அண்ணே, நான் முட்டி போட்டு உக்கார்றேன். சர்க்கஸ்ல பழக்கினதுதான். நீங்க பாட்டுக்கு ஏறுங்க, யாரு பாக்கப் போறா?" என்று கோமளம் பலமுறை கூப்பிட்டது. ஓடாமல் ஓடாமல் அதற்கும் கால் மரத்துப்போயிருந்தது.

"வேணாம் கோமளம். சங்கம்னா ஒரு ஒழுங்கு வேணும். முறையா ஏறணும்னுதான் ஆசை" என்று ஆமை சொல்லிவிடும். நல்ல ஜீவன். ஆனால் இப்படிப்பட்ட நல்லவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வரும்.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் அடித்தது. லாயத்தில் லத்தியும் சேறும் கலந்து நின்றன. சாந்தலிங்கம் ஒரு கூடையை வெளியே கொட்டிவிட்டுத் திரும்புவதற்குள் கோமளம் மூன்று கூடைக்கு வழி செய்திருக்கும், பாவம் அதுவும் என்ன செய்யும்? ஈரத்திலேயே நின்று குளம்பு அழுக ஆரம்பித்தது. ஒரு காலைத் தூக்கிக்கொண்டு கோமளம் நிற்பதைச் சாந்தலிங்கம் பார்த்தது. சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் விஷயத்தைப் போட்டது. எல்லோரும் கைகூப்பினார்கள். யாரும் வரவில்லை.

ஆமை கூட்டத்துக்கே போய் நின்றது. "கோமளத்துக்குக் கால் போயிடும்போல இருக்குங்க. ரெண்டு பேரு வந்து ஒரு நாள் அள்ளிக் குடுத்தாப் போதும்."

"கேக்கவே சங்கடமா இருக்கு" என்றார் செயலாளர் சம்பந்தம். "குளம்பு நலக் குழுன்னு ஒண்ணு போட்டுருவோம்."

"நான் இப்பவே வந்து அள்ளுவேன்" என்றார் கரடி. "ஆனா துணைத் தலைவர் ஒரு தடவை அள்ளிட்டா அடுத்து வர்ற துணைத் தலைவருக்கும் அதுதான் கதின்னு ஆயிடும். பின்னால வர்றவங்களை நெனச்சுப் பாக்கணும் இல்லையா?"

சாந்தலிங்கத்துக்கு வாழ்க்கையில் முதல்முறையாகக் கோபம் வந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அடுத்த விஷயத்துக்குப் போனார்கள்.

கடைசியில் கோமளமே மண்வெட்டியைப் பல்லால் கடித்துக்கொண்டு இறங்கியது. நொண்டிக்கொண்டே வாரித் தள்ளியது, வாய்க்கால் வெட்டியது, மணல் கொண்டுவந்து பரப்பியது. ஆமை பின்னாலேயே ஓட்டால் மட்டம் தட்டிக்கொண்டு போனது. லாயம் காய்ந்தது. குளம்பும் ஆறியது.

"அண்ணே, வர்ற விழாவுக்கு எல்லாப் பொறுப்பாளரும் வருவாங்க" என்றது கோமளம். "அவங்க முன்னாடியே நீங்க ஏறலாம். விதிக்கு விதியும் ஆச்சு. குகை மேட்டுலேருந்து ஆத்தங்கரை வரைக்கும் ஒரே ஓட்டமா ஓடிக் காட்டறேன்."

சாந்தலிங்கத்துக்குத் தூக்கம் போனது. எப்போதும் கிளம்புவதற்கும் ஒருநாள் முன்னதாகவே, ஓட்டைப் பளபளவென்று துடைத்துக்கொண்டு கிளம்பியது. வழியில் ஒரு சரிவில் கால் இடறி மல்லாந்து விழுந்தது. அந்தப் பக்கமாக வந்த உடும்பு திருப்பி விடும்வரை வானத்தைப் பார்த்துக்கொண்டே கிடந்தது. குகை வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

கோமளம் மேடையருகில் நின்றது. கழுத்தில் மாலை, முதுகில் பெரிய பொன்னாடை.

"வாங்க சாந்தலிங்கம். இந்த வருஷத்துல லாயத்துக்கு யாரு நல்லா உழைச்சான்னு பாத்தோம். சந்தேகமே இல்லாம கோமளம்தான்" என்றார் கிளைமுத்து. "தலைவர் பதவியையே குடுத்துட்டோம். நான் இனிமே நிறுவனர்."

"ரொம்ப சந்தோஷம்" என்றது ஆமை. மனதாரத்தான் சொன்னது. "கோமளம், நாம கிளம்பலாமா?"

செயலாளர் தொண்டையைச் செருமினார். "தலைவர் முதுகுல ஏர்றது மரியாதை இல்லையே சாந்தலிங்கம்."

ஆமை கோமளத்தைப் பார்த்தது. கோமளம் பொன்னாடையின் சரிகையைப் பார்த்தார்.

"அப்படின்னா சங்கத்துக்குக் குதிரை?" என்று சாந்தலிங்கம் கேட்டது.

"அதைத்தான் இவ்வளவு நேரம் பேசிட்டிருந்தோம்" என்றார் சம்பந்தம். "பதவி இல்லாம மிச்சம் இருக்கறது நீங்க ஒருத்தர்தான். நாலு காலு இருக்கு. முதுகும் நல்லா அகலம்."

"நான் குதிரை இல்லீங்களே."

"அது உங்க அடக்கம்."

கோமளம் அருகே வந்து தலையைத் தாழ்த்தினார். கண் கலங்கியிருந்தது, அதில் பொய் இல்லை. "அண்ணே, ஒரு வருஷம்தான். அடுத்த விழாவுல உங்களுக்கும் போத்திடறோம். நேரத்துக்கு மட்டும் வந்துடுங்க."

அடுத்த ஞாயிறே சவாரி மறுபடி தொடங்கியது. உறுப்பினர்களுக்கு ஒரே மகிழ்ச்சி. புதிய குதிரை உதறுவதில்லை, மிரளுவதில்லை, விழுந்தாலும் அடிபடுவதில்லை. முயல் இப்போது கண்ணைத் திறந்துகொண்டே சவாரி செய்கிறார். ஏறி உட்கார்ந்தபடியே கூட்டத்தையும் நடத்திவிட முடிகிறது. கூட்டம் முடியும்போது குதிரை லாயத்து வாசல் புளியமரத்தையே இன்னும் தாண்டியிருக்காது.

முதல் நாள் சவாரியில் தலைவர் கோமளம் பக்கத்திலேயே நடந்து வந்தார். ஆற்றங்கரைப் பக்கமிருந்து நல்ல காற்று வீசிக்கொண்டிருந்தது. "காத்து மூஞ்சியில படுதா அண்ணே?" என்று ஆசையாகக் கேட்டார்.

"தெரியலீங்க தலைவரே. செயலாளரோட வால் மறைக்குது" என்றது ஆமை.

*

நீதி: தொண்டு செய்யுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் எந்தச் சங்கமானாலும் எல்லோரும் பதவி எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சி நிற்கிறவரே குதிரை.