மலைக்கோட்டையிலிருந்து தெரிந்த சேலை

கண்ணால் பார்த்தேன் என்று சொல்கிறவர்களை ஓரளவு நம்பலாம். படம் பிடித்து, அதைப் பெரிது பண்ணி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன் என்று சொல்கிறவர்களிடம் மட்டும் ஜாக்கிரதையாக இருங்கள். அப்படிப்பட்ட ஒருத்தி இரண்டு குடும்பங்களை ஒரு நாள் முழுக்கப் பேசவிடாமல் செய்திருக்கிறாள். ஒரு நாள்தானே என்று கேட்காதீர்கள். எங்கள் அம்மாவும் எதிர்வீட்டுப் பாண்டியம்மா அத்தையும் அதற்கு முந்தின பதினெட்டு வருஷத்தில் ஒருமணி நேரம் சேர்ந்தாற்போல் பேசாமல் இருந்ததில்லை. அந்த ஒருத்தி நான்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் எனக்கு இருபது வயது. திண்டுக்கல்லில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். குவைத்திலிருந்து லீவில் வந்த சித்தப்பா, முழங்கை நீள லென்ஸோடு ஒரு கேமராவைக் கொடுத்துவிட்டுப் போனார். கலரில் எடுப்பது கல்யாண வீட்டு வேலை, கலைஞர்கள் கறுப்பு வெள்ளையில்தான் எடுப்பார்கள் என்று எங்கோ படித்தேன். படித்த நிமிஷத்திலிருந்து நான் கலைஞர் ஆகிவிட்டேன். (அதுவரை ஒரு படம்கூட எடுத்திருக்கவில்லை. அதெல்லாம் சின்ன விஷயம்.)

கல்லூரியில் புகைப்படக் கண்காட்சி வைக்கப்போவதாக அறிவித்தார்கள். மலைக்கோட்டைமேல் ஏறி நின்று, பாறையின் அடியில் ஒட்டிக்கொண்டு கிடக்கும் எங்கள் பழைய ஊரைக் கறுப்பு வெள்ளையில் எடுப்பது என்று முடிவு செய்தேன். உண்மையில் கண்காட்சியைவிட ஒரு கேள்விதான் என்னைக் குடைந்துகொண்டிருந்தது. நிறத்தை எடுத்துவிட்டால் ஊர் எப்படி இருக்கும்? எங்கள் தெருவில் யாரும் வீட்டு நம்பர் சொல்லி வழி கேட்க முடியாது. பச்சை கேட் வீடு, ரோஸ் கலர் வீடு, ஊதா ஜன்னல் வீடு என்றால்தான் கை காட்டுவார்கள். அந்த நிறமெல்லாம் போனபின் எங்கள் தெருவில் என்ன மிஞ்சும்? யோசிக்க யோசிக்க ஆசை தாங்கவில்லை.

பெண்பிள்ளையைத் தனியாக மலைக்கு அனுப்ப மாட்டார்கள் என்பதால் அப்பா கூட வந்தார். அப்பா பூட்டுப் பட்டறை வைத்திருந்தார். உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் பூட்டியது, பூட்டாதது என்று இரண்டே வகையாகத்தான் பிரிப்பார். செவ்வாய்க்கிழமை காலை, பாறையில் வெட்டிய படிகளில் மூச்சு வாங்க ஏறி, கோட்டை வாசலில் உட்கார்ந்தவர், "இம்புட்டுப் பெரிய கோட்டை. ஒரு நல்ல பூட்டு இல்ல பாரு ஜெசி" என்று வருத்தப்பட்டார். நான் மதில் ஓரமாகப் படுத்து, முட்டி போட்டு, ஒற்றைக் கண்ணை மூடி, ஒரு ரோல் முழுக்க எடுத்தேன். லென்ஸ் வழியாகப் பார்த்தால் எங்கள் தெரு மூக்குக்கு முன்னால் வந்து நின்றது. தெருவில் நின்று பார்க்கவே முடியாத மொட்டைமாடிகள், தண்ணீர்த்தொட்டிகள், காயப்போட்ட வற்றல், யார் வீட்டு ஆன்டெனா எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது வரைக்கும் தெரிந்தது. அன்று எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை.

அடுத்து டார்க் ரூம். கலர் வந்தபின் ஒரு ஸ்டுடியோக்காரர் மூலையில் போட்டிருந்த, படத்தைப் பெரிதாக்கி அச்சடிக்கும் பழைய என்லார்ஜரை, "எடுத்துட்டுப் போம்மா, எடம் அடைக்குது" என்று கொடுத்துவிட்டார். அதை எங்கள் படிக்கட்டுக்கு அடியில் இருந்த சாமான் அறையில் வைத்தேன். பகலிலும் இருட்டான, ஜன்னலே இல்லாத அறை. இருந்த பல்பைக் கழற்றிவிட்டுச் சிவப்பு ஜீரோ வாட் பல்பு மாட்டினேன். படம் அச்சடிக்கும்போது அந்தச் சிவப்பு வெளிச்சம் மட்டும்தான் இருக்கலாம், வேறு வெளிச்சம் பட்டால் பேப்பர் கறுத்துவிடும். வியாழக்கிழமை காலை கதவைச் சாத்தி வேலையைத் தொடங்கினால், கதவுக்கு அடியில் ஒரு விரற்கடை இடைவெளியில் பகல் உள்ளே வந்தது. கையெல்லாம் மருந்துத் தண்ணீர். பக்கத்தில் டிரங்குப் பெட்டிமேல் அப்பாவின் பழைய சரிகை வேட்டி ஒன்று வெளேரென்று கிடந்தது. முழங்கையால் அதைக் கீழே தள்ளி, காலாலேயே சுருட்டி, கதவடியில் திணித்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மருந்துத் தட்டில் வெள்ளைக் காகிதம் மிதக்க, அதில் மெதுவாக மதில் வந்தது, பாறை வந்தது, அப்புறம் கூரை கூரையாக எங்கள் ஊர் வந்தது. இதைப் பார்க்காதவர்களுக்கு எப்படிச் சொல்வது என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. அன்றும் மறுநாளும் சோறு தண்ணி இல்லாமல் உள்ளேயே கிடந்தேன்.

இதற்கு நடுவில், வெள்ளிக்கிழமை காலை, வீட்டில் இடி விழுந்தது. அம்மாவின் கல்யாணச் சேலையைக் காணோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் அம்மா அப்பாவின் கல்யாண வெள்ளி விழாப் பூசை. இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் அதே கோவிலில் கட்டியிருந்த குங்குமக் கலர் பட்டுச் சேலையை மறுபடி கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்பது அம்மாவின் ஒரே ஆசை. புதுச்சேலை எடுத்துத் தருகிறேன் என்று அப்பா சொன்னதற்குக்கூட மறுத்துவிட்டாள்.

"போன வாரந்தேன் பூச்சி அரிச்சிருக்கான்னு எடுத்துப் பாத்துட்டு, பீரோவுக்குள்ள வச்சுப் பூட்டுனேன், மாதாவே!" என்று அம்மா அழுதாள்.

"நாம் பூட்டுன பூட்ட எவனும் தெறக்க முடியாது" என்றார் அப்பா. சேலை போன துக்கத்தைவிடப் பூட்டின் மேல் விழுந்த பழிதான் அவருக்குப் பெரிதாக இருந்தது.

வீட்டைக் கவிழ்த்துப் போட்டுத் தேடினார்கள். சாமான் அறைக்குள் மட்டும் நான் யாரையும் விடவில்லை. "பேப்பர் கெட்டுப்போகும். நானே தேடுறேன்" என்று உள்ளே போய், சிவப்பு பல்பு வெளிச்சத்தில் மூலை முடுக்கெல்லாம் பார்த்துவிட்டு, "இங்க இல்ல" என்று அறிவித்தேன்.

அன்று மதியம் என் மிகப் பெரிய படம் காய்ந்து முடிந்தது. அம்மாவைத் தேற்றலாம் என்று கொண்டுபோய்க் காட்டினேன். அழுத கண்ணோடு படத்தில் எங்கள் வீட்டைத் தேடிய அம்மா, அப்பா சாவிப் பல் பார்க்கும் பூதக்கண்ணாடியை வாங்கி எதிர்வீட்டு மாடியில் வைத்தாள். வைத்த கை அசையவில்லை. தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால், தெருவிலிருந்து யாருக்கும் தெரியாத இடத்தில், ஒரு சேலை காய்ந்துகொண்டிருந்தது. கரையில் அகலமாக இரட்டைச் சரிகை வரி.

"என் சேலைக் கர." என்றாள் அம்மா. "ஜெசி, இது என்ன கலருன்னு சொல்ல முடியுமா?"

இந்த இடத்தில் "தெரியாதும்மா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே தேவைப்பட்டிருக்காது. நான்தான் கலைஞர் ஆயிற்றே!

"செவப்புதாம்மா" என்றேன். "பக்கத்துல பாருங்க, நம்மகிட்ட வாங்கிட்டுப்போன செவப்பு வாளி. வாளியும் சேலையும் ஒரே கிரே. அப்ப சேலையும் செவப்பு." (அதே படத்தில் அத்தை வீட்டு முருங்கைமரமும் அதே கிரேயில்தான் இருந்தது. முருங்கைமரம் சிவப்பாக இருக்குமா என்று எனக்குத் தோன்றவில்லை.)

"அவ எடுத்திருக்க மாட்டாடி" என்றாள் அம்மா.

"படத்துல பொய் வராதும்மா."

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு எவர்சில்வர் கிண்ணம் போய் வந்துகொண்டே இருக்கும். குழம்போ வெஞ்சனமோ வந்தால், கிண்ணம் திரும்பும்போது எதையாவது போட்டுத்தான் திரும்பும். ஒன்றுமில்லை என்றால் நாலு வெங்காயமாவது இருக்கும். மறுநாள் சனிக்கிழமை காலையில் அம்மா அந்தக் கிண்ணத்தைக் கழுவித் துடைத்து, வெறுமையாக என்னிடம் கொடுத்தனுப்பினாள்.

மதியம் அத்தை வந்துவிட்டாள். "என்ன மதினி, கிண்ணம் வெறுசா வந்திருக்கு? ஒடம்புக்கு முடியலையா?"

அம்மா படத்தை நீட்டினாள். அத்தை வாங்கிப் பார்த்து, "ஆத்தி! எங்க வீடா இது? நம்ம முருங்க! ஏ புள்ள, அம்புட்டு ஒசரத்துலருந்தா புடிச்ச?" என்று பூரித்துப் போனாள்.

"தொட்டிக்குப் பின்னால காயிற சேலை யாருது?" என்றாள் அம்மா.

அத்தையின் முகம் சட்டென்று மாறியது. "அட, பாத்துட்டீகளா?" என்று இழுத்தாள். "நாளைக்கு வரைக்கும் தெரியாம வச்சிக்கிரலாம்னு பாத்தேன் மதினி. மலை மேலருந்து ஒருத்தி பாப்பான்னு யாரு கண்டா!"

வேறு என்ன வேண்டும்? அம்மா வெடித்தாள். "ஒரு வயித்துல பொறந்தவ மாதிரி நெனச்சேனேடி! கேட்டிருந்தா நானே எடுத்துக் குடுத்திருப்பேனே!" நான் பக்கத்தில் நின்று, வாளி, கிரே, சிவப்பு என்று சாட்சி சொன்னேன்.

அத்தைக்குப் புரியச் செத்த நேரம் ஆனது. புரிந்ததும் விடுவிடுவென்று வீட்டுக்குப் போனாள். ஒரு சேலையோடு திரும்பி வந்து, எங்கள் வாசலில் சுள்ளென்று அடித்த வெயிலில் அதை விரித்துப் போட்டாள்.

பச்சை. அத்தையின் முருங்கைமரத்து இலை மாதிரிப் பச்சை. கரையில் மட்டும் அதே இரட்டைச் சரிகை.

"ஒங்க சேலைக் கர மாதிரியே வேணும்னு ஒரு மாசமா கடை கடையா ஏறி எறங்குனேன்" என்றாள் அத்தை. கண்ணில் தண்ணீர் நின்றது. "நாளைக்குக் கோயில்ல ஒங்க பக்கத்துல சோடியா நிக்கணும்னு. சாயம் போகுதான்னு அலசி மறைச்சுக் காயப்போட்டேன். என்னப் போயி திருடின்னுட்டீகளே மதினி! ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?"

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போல இருந்தது. ஓடிப்போய், சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்த டார்க் ரூமுக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பழக்க தோஷம், அந்த அழுகையிலும் கால் தானாகப் போய்க் கதவடியில் துணியைத் தள்ளியது.

"வெளிய வாடி! எல்லாத்தையும் சொல்லிப்புட்டு உள்ள போயி ஒளிஞ்சா ஆச்சா?" அத்தை கதவைத் தள்ளித் திறந்து, என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் வந்தேன். என் காலில் சுற்றிக்கொண்டு அப்பாவின் பழைய வேட்டியும் வந்தது. அறைக்குள் வெளேரென்று இருந்த துணி, நிலையைத் தாண்டி, கூடத்துக்கு வந்து, வாசல் வெயில் விழும் இடத்தை அடைந்தபோது குங்குமச் சிவப்பாக இருந்தது.

சிவப்பு வெளிச்சத்தில் சிவப்புத் துணி வெளுத்துத் தெரியும் என்ற விஞ்ஞான உண்மையை நான் அப்படித்தான் கற்றுக்கொண்டேன். அம்மாவின் கல்யாணச் சேலையைத்தான் மூன்று நாளாக மிதித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அதன் மேலேயே நின்றுகொண்டு "இங்க இல்ல" என்றும் சொல்லியிருக்கிறேன்.

"பாத்தியா? பூட்டு மேல தப்பே இல்ல" என்றார் அப்பா.

அப்போதுதான் அம்மாவுக்கு நினைவு வந்தது. போன வாரம் பூச்சி பார்க்க எடுத்தவள், குக்கர் விசிலடிக்கவும் சேலையைச் சாமான் அறை டிரங்குப் பெட்டிமேல் வைத்துவிட்டு ஓடியிருக்கிறாள். பூட்டியது வெறும் பீரோவை.

அத்தை சேலையை எடுத்து மோந்து பார்த்தாள். "ஏ புள்ள, என்னத்தடி ஊத்துன? ஊறுகாச் சாடி மாதிரில்ல நாறுது!" என்றாள். முதலில் சிரித்தது அம்மாதான். சிரித்துக்கொண்டே அத்தையின் கையைப் பிடித்து அழ ஆரம்பித்தாள். அத்தையும் சேர்ந்து அழுதாள். அன்று சாயங்காலம் கிண்ணம் எதிர்வீட்டுக்குப் போனது, விளிம்பு வரை கறிக்குழம்போடு.

மறுநாள் பூசையில் அம்மா சிவப்பிலும் அத்தை பச்சையிலும் ஜோடியாக நின்றார்கள். சாம்பிராணியை மீறி அம்மாவிடமிருந்து மருந்து வாசம் வந்தது. இருவரையும் நிற்கவைத்து நான் ஒரு படம் எடுத்தேன். அது இன்றும் எங்கள் கூடத்தில் தொங்குகிறது. கறுப்பு வெள்ளைதான். இரண்டு சேலையும் ஒரே கிரே.

கண்காட்சிக்கு என் படம் போகவில்லை. அம்மா தரமாட்டேன் என்றுவிட்டாள். ஆனால் அன்றிலிருந்து எங்கள் இரண்டு வீட்டிலும் நான் எதைச் சொன்னாலும் ஒரு கேள்வி வரும். மீன் நல்ல மீன் என்றால், "வெளிச்சத்துல பாத்தியா?" பரீட்சை நன்றாக எழுதினேன் என்றால், "வெளிச்சத்துல பாத்தியா?"

சில வருஷம் கழித்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். எல்லோரும் காபி குடித்து முடித்தபின் அம்மா என்னிடம், "பையனப் புடிச்சிருக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள். நான் தலையாட்டினேன். உடனே பாண்டியம்மா அத்தை எழுந்தாள். "செத்த இருங்க மதினி. அவ சொல்றத நம்ப முடியாது" என்றவள், மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, திகைத்துப்போன அவர் வீட்டார் அத்தனை பேருக்கும் முன்னால், எங்கள் வாசல் வெயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.