பத்து கிலோ குறைந்த கார்

வானவடி, புனே.
புதன்கிழமை, காலை பத்து மணி.

அன்பும் பண்பும் சட்ட அறிவும் ஒருங்கே அமைந்த மைத்துனர் அட்வகேட் நிர்மலுக்கு, பக்தவத்சலம் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் உன் அக்கா மல்லிகாவும் நலம். எங்கள் மகள் தீப்தி உடம்பளவில் நலம். அவ்விடம் நீயும் வீட்டில் எல்லோரும் வேலூர் வெயிலைத் தாங்கிக்கொண்டு சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் முதலில் உறையின் ஓரத்தைப் பார். மூன்று இடத்தில் டேப் ஒட்டி, அதன் மேல் குறுக்கே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கோடு விலகியிருந்தால் யாரோ நடுவில் பிரித்திருக்கிறார்கள்.

போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் போன மாதம் மல்லிகாவிடம் முட்டி வலிக்கிறது என்றேன். மறுநாள் காலை என் போனில் முட்டிவலித் தைலத்துக்கு விளம்பரம் வந்தது. நான் சொன்னது மல்லிகாவிடம். போன் அலமாரியில் இருந்தது. அதன் காதில் வழக்கு விஷயத்தைப் போடுவதாக இல்லை. சுருக்கம் இதுதான்: ஞாயிற்றுக்கிழமை தீப்தி ஜெயித்த கார் பந்தயத்தைப் பட்டப்பகலில் அவளிடமிருந்து பிடுங்கிவிட்டார்கள். மேல்முறையீட்டுக்குத் திங்கட்கிழமை மாலை வரைதான் கெடு. வரப்புத் தகராறில் எதிராளியை அழவைப்பாயே, அதே காரத்தோடு ஒரு மனு தயார் செய்து அனுப்ப வேண்டும்.

பந்தயத்தைப் பற்றி உனக்குத் தெரியாது. இதற்கு டூரிங் கார் பந்தயம் என்று பெயர். தெருவில் ஓடுகிற அதே கார்தான். கதவு, டிக்கி எல்லாம் உண்டு. உள்ளே மட்டும் ஓட்டுகிறவர் சீட்டைத் தவிர எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு இரும்புக் குழாயில் கூண்டு கட்டியிருப்பார்கள். மொத்தம் பதினெட்டு கார். காலை ஒன்பது மணிக்கு ஃபாத்திமா நகர் சிக்னலில் எப்படி உரசிக்கொண்டு போவார்களோ அப்படித்தான் போகிறார்கள், ஹாரன் மட்டும் கிடையாது. தீப்தியின் கார் இருபத்தேழாம் எண். கோர்படியில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் இருதயராஜ்தான் அணியின் முதலாளி. இந்த வருஷம் ஏழு பந்தயம் முடிந்து, அவளும் ஹர்ஷா என்கிற பையனும் புள்ளியில் சமம். ஏழாவதில் ஜெயித்தது தீப்தி. எட்டாவதுதான் கடைசி, ரஞ்சன்காவ் தாண்டி இருக்கிற தடத்தில் ஞாயிற்றுக்கிழமை நடந்தது. இருவரில் யார் முந்துகிறாரோ அவருக்கே சாம்பியன் பட்டம். அவள் ஆறு வருஷமாக இதற்காக ஒரு கல்யாணம், காதுகுத்துக்குக்கூட வராமல் இருந்தது உனக்கே தெரியும். உன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு வராததற்கு நீ கோபித்துக்கொண்டதும் எனக்குத் தெரியும்.

நான் அதுவரை ஒரு பந்தயத்துக்கும் போனதில்லை. பயம் என்று உன் அக்கா சொல்லிக்கொண்டு திரிகிறாள். பயமில்லை, எச்சரிக்கை. ரஞ்சன்காவ் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருஷம் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தவன் நான். வரைபடத்தில் இல்லாத எதுவும் பாகத்தில் இருக்கக் கூடாது. அதுதான் எங்கள் வேதம். தேறாத பாகத்துக்குச் சிவப்புச் சீட்டு கட்டினால் நேரே குப்பைக்கு. மஞ்சள் சீட்டு கட்டினால் கொஞ்சம் தட்டிச் சரிசெய்து எடுத்துக்கொள்ளலாம். நான் மஞ்சள் கட்டியது மிகக் குறைவு. ஓய்வு பெற்ற அன்று எல்லோரும் கடிகாரம் வாங்கிக்கொண்டு போவார்கள். நான் மிச்சமிருந்த சீட்டுக்கட்டுகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

போன உடனேயே எனக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. அந்த ஹர்ஷா சிரித்துக்கொண்டே வந்து தீப்திக்கு ஒரு தண்ணீர் பாட்டில் கொடுத்தான். போட்டிக்காரிக்குத் தண்ணீர் கொடுக்கிறவனை நீ உன் சர்வீஸில் பார்த்திருக்கிறாயா? அவள் அந்தப்பக்கம் திரும்பியதும் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை. அதுதான் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. தரையில் கொட்டிவிட்டேன். அடுத்தது நம் அணியின் மெக்கானிக் சாகிப். ஆம்பூர்க் குடும்பம், மூன்று தலைமுறையாகப் புனேவில். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலி போட்டான். "உக்காருங்க அங்கிள். தீப்தி பாப்பா இன்னிக்கு கலக்கிடும் பாருங்க. டென்ஷன் நக்கோ, வேணாம்" என்றான். கேட்காமலே ஆறுதல் சொல்கிறவனை நான் நம்புவதில்லை. அதற்கேற்ற மாதிரி, கொஞ்ச நேரத்தில் போட்டி அதிகாரி ஒருவர் வந்தார். சாகிப் காரின் இடது கதவைத் திறந்து உள்ளே தரையில் எதையோ காட்டினான். அவர் தலையை ஆட்டினார். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

மதியம் எல்லோரும் உன் அக்கா கொடுத்தனுப்பிய புளியோதரையைச் சாப்பிடக் கூடாரத்துக்குப் போனார்கள். வண்டிக்கு நான் காவல் என்று சொல்லிவிட்டேன். பையிலிருந்து அந்தக் காரின் வரைபடத்தை எடுத்தேன். தீப்தி மேஜையிலிருந்து முதல் நாளே எடுத்து வைத்திருந்தேன். ஒவ்வொரு பாகமாகச் சரிபார்த்துக்கொண்டே வந்தால், இடது பக்கத் தரையில், வரைபடத்தில் எங்குமே இல்லாத ஒரு ஈயத் தகடு! செங்கல் அகலம், நாலு போல்ட் போட்டு முடுக்கியிருக்கிறது. நிர்மல், நீயே சொல். ஓடுகிற காரில் ஈயத்தை எதற்கு வைப்பார்கள்? வேகத்தைக் குறைக்கத்தானே? சாகிப்பின் ஸ்பேனரையே எடுத்து நாலு போல்ட்டையும் கழற்றி, தகட்டைப் புளியோதரைப் பையின் அடியில் போட்டு, மேலே துண்டை விரித்து, நாற்காலியில் வந்து ஒன்றும் தெரியாதவன் போல உட்கார்ந்துகொண்டேன்.

பந்தயத்தை நான் எப்படிச் சொல்வேன்! பதினாலு சுற்று. மூன்றாவதாகக் கிளம்பிய தீப்தி ஐந்தாவது சுற்றிலேயே ஹர்ஷாவின் பின்னால் ஒட்டிக்கொண்டாள். அவன் வலது பக்கம் அடைத்தால் இவள் இடது பக்கம் மூக்கை நீட்டுகிறாள், இடது பக்கம் அடைத்தால் வலது பக்கம், பத்தாவது சுற்றில் முந்தினாள், அடுத்த வளைவிலேயே அவன் திரும்ப முந்தினான், பன்னிரண்டில் இரண்டு காரும் பக்கவாட்டில் இடித்து இவளுடைய கண்ணாடி ஒன்று தெறித்துப் போய் விழுந்தது, நான் பிடிக்க ஒரு கம்பி தேடினேன், கிடைத்தது சாகிப்பின் கைதான், அவனும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு "வந்துடுவா அங்கிள், வந்துடுவா" என்று கத்தினான். கடைசி வளைவில் இரண்டும் ஒன்றாகத் திரும்பின. அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். சாகிப் என்னைத் தூக்கிச் சுற்றியபோதுதான் தெரிந்தது, ஒரு நொடியில் நூறில் மூன்று பங்கு முன்னால் என் பெண் கோட்டைத் தாண்டியிருக்கிறாள் என்று. இறங்கி வந்தவள் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு என்ன சொன்னாள் தெரியுமா? "அப்பா, வண்டி இன்னிக்கு எவ்ளோ லைட்டா இருந்துச்சு தெரியுமா! கார்னர்ல சும்மா பறந்துச்சுப்பா!" நான் மீசையைத் தடவிக்கொண்டேன். பெற்றவன் செய்கிற உதவியெல்லாம் சொல்லிக்காட்டுவதற்கா?

அரை மணி நேரம்கூட நிலைக்கவில்லை அந்தச் சந்தோஷம். பந்தயம் முடிந்த கார்களைத் தராசில் ஏற்றுவார்களாம். இருபத்தேழாம் எண் கார் இருக்க வேண்டிய எடையில் பத்து கிலோ குறைவு, அதனால் தகுதி நீக்கம், பட்டம் ஹர்ஷாவுக்கு என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பது இதுதான். தீப்தி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் ஐந்து வயதில் சைக்கிளிலிருந்து விழுந்தபோதுகூட அழாதவள்.

இனி நான் சொல்வதைக் கவனமாகக் கேள். வீட்டுக்கு வந்து தகட்டை எடை போட்டேன். குளியலறை எடை மெஷினில் நான் மட்டும் நின்றால் எழுபத்தொன்று, தகட்டோடு நின்றால் எண்பத்தொன்று. பத்து கிலோ! அவர்கள் குறைவு என்று சொன்னதும் அதே பத்து கிலோ. இது தற்செயலா? நான் எடுத்தது எவ்வளவு என்று துல்லியமாகத் தெரிந்த ஒருவன்தான் தராசை அதே அளவுக்குக் குறைத்து வைத்திருக்க முடியும். ஆக, உளவாளி நம் கூடாரத்துக்குள்ளேயே இருக்கிறான்.

அவன் சாகிப்தான் என்பதற்கு மூன்று ஆதாரம். ஒன்று, தீர்ப்பு வந்ததிலிருந்து பொழுது சாயும் வரை அவன் தடத்தின் ஓரப் புல்லில் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தான். தீப்தியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டான். என்ன தேடுகிறீர்கள் என்றால் அவள் "ஒண்ணுமில்லப்பா, நீங்க வண்டியில உக்காருங்க" என்கிறாள். தேடட்டும், சாட்சிப் பொருள் என் பையில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு, பையைத் தூக்கி வண்டியில் வைத்தவனே அவன்தான். "என்ன அங்கிள் இவ்ளோ கனம்?" என்று கேட்டான். புளியோதரை என்றேன். "அது காலியாயிடுச்சே, நானும்தானே சாப்ட்டேன்?" என்றான். வெண்கலப் பாத்திரம் என்றேன். என்னையே பார்த்தான். மூன்று, அன்று முதல் அவன் ஒர்க்‌ஷாப் பக்கமே வரவில்லையாம். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? என் மனசுக்குள் அவனுக்குச் சிவப்புச் சீட்டு கட்டி மூன்று நாளாகிறது.

தகட்டைத் துணியில் சுற்றி, சிவப்புச் சீட்டு கட்டி, கட்டிலுக்கு அடியில் பத்திரமாக வைத்திருக்கிறேன். மனுவில் சாகிப்பின் பெயரை முழுதாகப் போடு. தீப்தி மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. சாதத்தைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு இதெல்லாம் தெரிய வேண்டாம். ஜெயித்துக் கொடுத்துவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம்.

உன் குடும்பம் குறைவில்லாமல் தழைக்கவும், உன் கட்சிக்காரர்கள் கெடு தவறாமல் வரவும் வேலூர் ஜலகண்டேஸ்வரர் அருள் புரிவாராக. வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
நியாயத்துக்காகப் போராடும் உன் அக்கா வீட்டுக்காரர்,
பக்தவத்சலம்

பின்குறிப்பு: அதே நாள், மாலை. உறையில் கையெழுத்துக் கோடு விலகியிருப்பதைப் பார்த்திருப்பாய். பிரித்தது நான்தான். மனு எழுத வேண்டாம்.

கட்டிலுக்கு அடியில் இருந்த தகட்டை உன் அக்கா எனக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு போய், பால்கனியில் வடாம் துணி பறக்காமலிருக்க ஓரத்தில் வைத்திருக்கிறாள். துணி எடுக்கப் போன தீப்தி அதைப் பார்த்துத் திருப்பினாள். அடிப்பக்கம் வெள்ளைப் பெயிண்டில் இருபத்தேழு என்றும், பத்து கிலோ என்றும் எழுதி, போட்டி அதிகாரிகளின் முத்திரையும் இருந்தது. பயிற்சிக்கு வந்த பிள்ளைகளிடம் முப்பத்தோரு வருஷம் "திருப்பிப் பாருடா" என்று தொண்டை கிழியக் கத்தியவன் நான். இதை நான் திருப்பிப் பார்க்கவில்லை.

"போன ரேஸ்ல ஜெயிச்சவங்க அடுத்ததுல பத்து கிலோ எக்ஸ்ட்ரா தூக்கணும்ப்பா. ரூல் அது. அப்பதான் எல்லாரும் பக்கத்துல பக்கத்துல ஓடுவாங்க. நான் ஜெயிச்சதுக்குக் கிடைச்ச வெயிட்பா இது" என்றாள். அப்புறம் சொன்னதுதான் என்னை உட்கார வைத்துவிட்டது. "சாகிப் பாய் என்ன நினைச்சாரு தெரியுமா? தான் ஒழுங்கா முடுக்கல, டிராக்ல எங்கயோ விழுந்துடுச்சுன்னு. அதான் ரெண்டு மணி நேரம் புல்லுல தேடினோம். தப்பு தன்னோடதுதான்னு சொல்லி வேலைய விட்டுட்டாரு." கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

மேஜை இழுப்பறையைத் திறந்து என் சீட்டுக்கட்டை எடுத்தாள். சிவப்பு என்றுதான் நினைத்தேன். எனக்கே அதுதான் நியாயமாகப் பட்டது. அவள் மஞ்சளை எடுத்து, குறை என்ன என்று எழுதும் இடத்தில் தனக்குத் தெரிந்த தமிழில் ஏதோ எழுதி, என் சட்டைப் பித்தானில் கட்டினாள். 'அப்பா. கொஞ்சம் தட்டணும்' என்று எழுதியிருந்தது. "ஏறுங்கப்பா" என்று ஸ்கூட்டரைக் கிளப்பினாள். வானவடியிலிருந்து கோர்படி வரை அந்த ஈயத்தை மடியில் வைத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் எனக்குப் பயம்.

இருதயராஜ் முன்னால் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அதிகாரிகளுக்கும் எழுதிக் கொடுத்தேன். பட்டம் திரும்பாது, ஹர்ஷாவிடமே இருக்கட்டும், அவன் கொடுத்த பாட்டிலில் இருந்ததும் வெறும் தண்ணீராகத்தான் இருந்திருக்கும். சாகிப்பைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். வந்து, கேட்டு, தகட்டைத் தடவிப் பார்த்தார். "அப்போ விழலியா அங்கிள்? நான் சரியாத்தான் முடுக்கியிருக்கேனா?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், பந்தயத்தன்று பிடித்த அதே கை. நாளையிலிருந்து வேலைக்கு வருகிறார்.

கிளம்பும்போது சாகிப் தகட்டை ஒர்க்‌ஷாப் தராசில் வைத்தார். ஒன்பது கிலோ எண்ணூறு கிராம் காட்டியது. அதிகாரிகள் சொன்னது பத்து கிலோ. மிச்சம் இருநூறு கிராம் எங்கே? யார் எடுத்தது? கேட்க வாயைத் திறந்தேன். சட்டைப் பித்தானில் மஞ்சள் சீட்டு ஆடியது. மூடிக்கொண்டேன்.

இப்போதுதான் வீட்டுக்கு வந்தோம். ஞாயிற்றுக்கிழமை போட்டிருந்த என் பேண்ட்டைத் துவைக்கப் போடுவதற்காக உன் அக்கா அதன் பையை உதறினாள். நாலு போல்ட் விழுந்தன. நான் அவற்றை எடை போட்டுப் பார்க்கவில்லை.